பச்சை டிக் திரும்பி வந்த விதம்

“என் வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று முதலில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அப்புறம் சொல்கிறேன்” என்று நான் கேட்டதும் உங்கள் முகம் மாறியது, மேடம். மாறும் என்று தெரிந்துதான் கேட்டேன். நிரந்தர வேலைக்கான ஆணையை என்னிடம் கொடுத்து, நான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கத்தான் நீங்கள் கூப்பிட்டிருந்தீர்கள். நான் திருப்பி உங்களிடம் கேட்டுவிட்டேன்.

இந்த ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக லிஃப்ட் ஓட்டுகிறவர் என் அப்பா. நீங்களும் தினமும் அவரோடுதான் மேலே வருகிறீர்கள். நான் இங்கே ஒப்பந்த வேலையில் சேர்ந்த அன்று அவர் ஒரே ஒரு புத்திதான் சொன்னார். “பாப்பா, மேல இருக்கறவங்ககிட்ட எது வேணா கேளு. கையெழுத்து மட்டும் கேக்காத. கேட்டா, உங்கள நம்பலன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி.” அவர் யாரிடமும் கேட்டதில்லை. அதனால்தான் இருபத்தாறு வருடமாக அதே லிஃப்டில் நிற்கிறார் என்று நான் நினைப்பேன். வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் நல்லவர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, “எங்கயும் போகாத, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்” என்று போயிருக்கிறீர்கள். தலைமை மருத்துவர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார். வெளியே வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் எழுதிவிடுகிறேன். எழுதி முடித்த ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மேல் சந்தேகம் இல்லை. இந்தத் தாள் தொலைந்துபோனால் நஷ்டப்படுகிறவர் வேறொருவர்.

நீங்கள் இங்கே நிர்வாக அதிகாரியாக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆகையால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மூன்றாவது மாடியின் கோடியில் இருக்கும் குரல் பதிவு அறையில்தான் எனக்கு வேலை. தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுக்கப் போகிறவர்கள் அதற்கு முன்னால் அங்கே வந்து பேசிவைத்துவிட்டுப் போவார்கள். ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள். அவற்றை வைத்துப் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் கருவி அறைக்காரர்கள் ஒரு சின்னக் கருவி செய்வார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளி அதில் எழுத்துகளைத் தட்டினால், அது அவருடைய பழைய குரலிலேயே பேசும்.

அந்தரங்கமான விஷயம் என்பதால் விதிமுறைகள் கடுமை. பதிவு அறையின் கணினிக்கு இணையம் கிடையாது. ஒரு நோயாளிக்கு ஒரு டிரைவ். எல்லாப் பதிவையும் பூட்டுப் போட்ட ஒரே கோப்பாக அந்த டிரைவில் ஏற்றி, கழற்றி, நோட்டில் நேரம் எழுதிவிட்டு, உடனே கணினியில் இருப்பதை அழித்துவிட வேண்டும். இரண்டாவது நகல் எடுப்பது வேலை போகிற குற்றம். இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறைக்குப் பொறுப்பு பதிவு அக்கா. கேசட் காலத்தில் வேலைக்கு வந்தவர். பள்ளிக்கூடப் படிப்போடு சரி. ஆனால் அந்தக் காதுக்கு ஈடு கிடையாது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, “எச்சில் முழுங்கிட்டு இன்னொரு தடவ சொல்லும்மா” என்பார். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்டிருக்காது. போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். நோயாளிகள் அவரிடம் வீட்டில் பேசுவதுபோல் பேசினார்கள். என்னைக் கண்டால் பரீட்சை எழுதுவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கணினியில் அவருக்குத் தெரிந்தது மூன்று வேலைகள். பதிவு செய்வது, டிரைவில் ஏற்றுவது, திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறியை அழுத்திவிட்டு டிரைவைக் கழற்றுவது. அந்தக் குறியில் குட்டியாக ஒரு பச்சை டிக் இருக்கும். அழுத்தினால், ‘இப்போது சாதனத்தைப் பாதுகாப்பாக எடுக்கலாம்’ என்று செய்தி வரும். வந்த பிறகுதான் எடுப்பார். “கேக்காம எடுக்கக் கூடாது. ஆள் தூங்குறப்ப போர்வையப் புடுங்கற மாதிரி” என்பார். கணினிக்காரர்கள் பாதிப் பேர் அதை அழுத்துவதில்லை. நானும் அழுத்துவதில்லை. எனக்கு அவரைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

என்னை ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார். “டிகிரி, இங்க வா, இது ஏன் கத்துது பாரு.” வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்: “எங்க டிகிரி கம்ப்யூட்டர்ல பெரிய படிப்பு படிச்சிருக்கு.” அவர் அன்பாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பட்டம் அந்த அறையில் ஒரு செல்லப் பெயராகத்தான் ஆனது என்பதில் எனக்கு ஆத்திரம். அவருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, அவர் எழுதும் நோட்டில் கோடு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டிரைவில் ஏறியதும் கணினியில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க நான் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். யாரும் கேட்காமல் எழுதியது. தலைமை மருத்துவர் அதை வெளியூர்க் கூட்டம் ஒன்றில் காட்டி, ‘எங்கள் துறை உருவாக்கியது’ என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவந்தார். அதற்கடுத்த வாரம் அவர் அறைக்குப் போய், என்னை நிரந்தரமாக்குவதாக எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். “உங்கப்பா இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒண்ணு கேட்டதில்ல. நீ என்னம்மா? அந்த ரூமுக்கு இருக்கறது ஒரே போஸ்ட். அதுல அந்தம்மா உக்காந்திருக்காங்க. ரிட்டயர் ஆக இன்னும் ஏழு வருஷம். இல்லேன்னா அவங்க பெருசா எதையாவது சொதப்பணும். அவங்க சொதப்புற ஆளா?”

நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

டெய்லரம்மா வந்தது அதற்கடுத்த மாதம். முப்பத்தைந்து வயது இருக்கும். இங்கிருந்து இரண்டு தெரு தள்ளித் தையல் கடை. ஆறு வயதில் ஒரு மகள். பதினோரு நாள் தொடர்ந்து வந்து பேசினார். முதல் நாளே, “என் வாய மூடணும்னு எங்க வீட்டுக்காரர் பத்து வருஷமா கேட்டுப் பாத்தாரு. கடைசில டாக்டர வெச்சே சாதிச்சுட்டாரு” என்று சொல்லி அக்காவைச் சிரிக்கவைத்தார். அவர் கணவர் வாசலில் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவரால் சிரிக்க முடியவில்லை.

நாங்கள் கொடுக்கும் வாக்கியங்களை முடித்துவிட்டு, அவரவர் விருப்பப்படி நூறு வாக்கியம் பேசலாம். அதை அக்காவும் நோயாளியும் மட்டும் கதவை மூடிக்கொண்டு செய்வார்கள். நான் வெளியே வந்துவிட வேண்டும். அதுவும் விதி.

பதினோராம் நாள் புதன்கிழமை. வியாழன் காலையில் டெய்லரம்மாவுக்கு மூச்சு முட்டியது. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். பேச்சு அன்றோடு நின்றுபோனது. திங்கட்கிழமை பெரிய ஆபரேஷன். அவருடைய குரல் இனி எங்கள் கணினியில் மட்டும்தான் இருந்தது. இதை அக்கா எனக்குச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. மணி பத்து. எனக்கு அப்போதே தெரியும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே வியாழக்கிழமைதான் பச்சை டிக் காணாமல் போனது.

“டிகிரி, பச்சை டிக்கைக் காணோம்.”

“எங்கயும் போயிருக்காதுக்கா. ஒளிஞ்சிருக்கும்.”

“நீ தேடு. அது வர்ற வரைக்கும் நான் இதக் கழட்ட மாட்டேன்.”

வேறொரு நோயாளியின் டிரைவ் கணினியில் செருகியிருந்தது. அக்கா அதற்குக் காவலாக மேஜையிலேயே டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டார். வார்டிலிருந்து ஃபைல் கொண்டுவந்த அட்டெண்டர், “என்னக்கா, டிரைவுக்கு டிரிப்ஸ் ஏத்திட்டு இருக்கீங்களா?” என்று கேட்டார். “நீ போ, உன் கையில குடுத்தா ஊசியையே பிடுங்கிடுவ” என்று அக்கா விரட்டினார். நான் கணினியை முழுதாக நிறுத்தி, அந்த டிரைவைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தேன்.

காணாமல் போன குறியைத் திரும்பக் கொண்டுவருவது எளிது. மூலையில் மேல்நோக்கி ஒரு சின்ன அம்பு இருக்கும். அதை அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகள் தெரியும். அங்கே இருந்தால் பிடித்து இழுத்து வெளியே போட வேண்டும். இல்லையென்றால் டாஸ்க்பார் செட்டிங்ஸில் எந்தெந்தக் குறி தெரிய வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. அதில் அணைந்திருப்பதைப் போட்டுவிட வேண்டும். அரை நிமிட வேலை. நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். மூன்று மணிக்கு, “வந்துடுச்சுக்கா” என்றேன். அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “எங்கடா போயிருந்த இவ்வளவு நேரம்?” என்று அந்தக் குறியைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை டெய்லரம்மாவின் பதிவைப் பூட்டி டிரைவில் ஏற்றினார். முடிந்தது என்று வந்ததும் பச்சை டிக்கை அழுத்தினார். பாதுகாப்பாக எடுக்கலாம் என்ற செய்தி வந்தது. எடுத்தார். நோட்டில் 11.40 என்று எழுதினார். விதிப்படி கணினியில் இருந்ததை அழித்தார். அட்டெண்டர் வந்து டிரைவை வாங்கிப்போனார். இரண்டு மணிக்குக் கருவி அறையிலிருந்து போன் வந்தது. கோப்பு திறக்கவில்லை. பாதியில் அறுந்திருக்கிறது. பூட்டுப் போட்ட கோப்பில் வால் அறுந்தால் தலையும் திறக்காது.

அக்கா போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “நான் கேட்டுட்டுத்தான எடுத்தேன், டிகிரி? நீ பாத்தேல்ல?”

“நான் கவனிக்கலக்கா” என்றேன்.

நான் அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அவர் அழுத்தியதையும், செய்தி வந்ததையும், அது மறையும்வரை காத்திருந்துவிட்டு அவர் எடுத்ததையும் பார்த்தேன்.

விசாரணையில் கணினியைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். இந்த மாடியில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் அறிக்கை உங்கள் ஃபைலில் இருக்கும். ‘ஐகான் உரிய இடத்தில் உள்ளது. சரியாக இயங்குகிறது. பயனாளரின் பிழை.’ மூன்று வாக்கியமும் எழுதிய நேரத்தில் கணினியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஏனென்றால் அதற்குள் உண்மையான குறியை அரை நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு நான் வைத்தது படம், மேடம். அதே மாதிரி ஒரு சின்னப் படம், அதே பச்சை டிக், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டவைத்த ஒரு ஷார்ட்கட். அழுத்தினால் பாதுகாப்பாக எடுக்கலாம் என்று சொல்லும். சொல்வதைத் தவிர வேறு எதுவும் செய்யாது.

அது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேனே. எழுதி முடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைக் கணினி தன் நினைவில் வைத்துக்கொண்டு மெதுவாக எழுதுகிற ஏற்பாடு ஒன்று உண்டு. எங்கள் கணினியில் அது அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அதைப் போட்டேன். மிச்சம் ஏறுவதற்குள் டிரைவை எடுத்தால் கோப்பு பாதியில் அறுந்துவிடும். நான் எழுதிய ஒப்பிடும் புரோகிராம் இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதில் கோளாறு இருக்கிறது, திங்கட்கிழமை சரிசெய்து தருகிறேன் என்று அக்காவிடம் சொல்லி எடுத்துவிட்டேன். அவர், “அது இல்லாமத்தான இத்தன வருஷம் ஓட்டுனோம். மெதுவா பண்ணு, அவசரமில்ல” என்றார்.

நான்காவதாக ஒன்று செய்தேன். டெய்லரம்மாவின் பதிவு முழுவதையும், பூட்டுவதற்கு முன்னால், சின்ன பென் டிரைவ் ஒன்றில் நகல் எடுத்து என் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில் மிகவும் நியாயமாக இருந்தது. யாருக்கும் எந்தக் கெடுதலும் வராது. வெள்ளிக்கிழமை டிரைவ் கெட்டுப்போகும். எல்லாரும் பதறுவார்கள். கெட்டுப்போன டிரைவை என்னிடம் கொடுப்பார்கள். சனிக்கிழமை முழுதும் உட்கார்ந்து மீட்டெடுத்துவிட்டதாக நகலைக் கொடுப்பேன். டெய்லரம்மாவுக்குக் குரல் கிடைக்கும். டிகிரி என்றால் என்ன என்று மருத்துவருக்குத் தெரியும். அக்காவுக்குக் கொஞ்சம் திட்டு விழும். அந்தக் கொஞ்சம் திட்டை நினைத்துப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

டிரைவை என்னிடம் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே மருத்துவர் அதை உறையில் போட்டு, அரக்கு வைத்து, வெளியே நிபுணர்களிடம் அனுப்பிவிட்டார். கையில் டிரைவே இல்லாமல் நான் எதிலிருந்து மீட்டதாகச் சொல்வது? கோப்பைக் கொடுத்தால் அது வியாழக்கிழமை எடுத்த நகல் என்று அதன் நேரமே சொல்லிவிடும். நிபுணர்கள் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு ஒன்றும் தேறாது என்று எழுதி அனுப்பினார்கள்.

அக்காவிடம் விளக்கம் கேட்டார்கள். அவருக்குத் தட்டச்சு வராது. என்னிடம்தான் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். “அழுத்தியதாகத்தான் நினைவு. ஆனால் கணினி பொய் சொல்லாது என்று பரிசோதித்தவர்கள் கூறுகிறார்கள். குழாய் வைத்த செய்தி கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. அவசரத்தில் மறந்திருப்பேன். அந்தப் பெண்ணின் குரல் போனதற்கு நானே காரணம்.” கடைசி வரி வேண்டாமே அக்கா என்றேன். “இருக்கட்டும், டிகிரி. நடந்தத எழுதிடணும்” என்றார். அச்செடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது பேனாவை இரண்டு முறை உதறிப் பார்த்தார். பேனாவில் மை இருந்தது.

அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். அந்த நாற்காலியில் என்னைப் பொறுப்பாக உட்காரவைத்தார்கள். எல்லாம் நடந்து பதினோரு மாதம் ஆகிறது.

அக்கா இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார். ஒரு நாள் மதியம் எதிர் நடைபாதையில் நின்று பார்த்தேன். யாரோ பென் டிரைவில் எதையோ கொண்டுவந்தார்கள். அச்செடுத்துக் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் கணினியிலிருந்து விலக்கிக்கொண்டார். “நீங்களே எடுத்துக்குங்க. நான் தொட மாட்டேன்.” அந்த ஆள் விளங்காமல் பார்த்தான். நான் தெருவைக் கடக்கவில்லை.

நகலை நான் தூக்கி எறியவில்லை. பத்திரமாக வைத்திருப்பது ஒரு நாள் திருப்பிக் கொடுக்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன். மதிய உணவு வேளையில் கதவைச் சாத்திவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று போட்டுப் பார்ப்பேன். ஒலிக்கோப்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் தினமும் கேட்டேன். அந்த நூறு வாக்கியங்களைத்தான் அதிகம் கேட்டேன். அக்காவும் அவரும் கதவை மூடிக்கொண்டு பதிவு செய்தவை.

“பல்லு தேச்சியா, இல்ல பிரஷ்ஷ மட்டும் நனச்சியா?” என்று மகளை மிரட்டுகிறார். “ஏங்க, சாவிய எங்க வெச்சீங்கன்னு என்னக் கேக்காதீங்க” என்று கணவருக்கு ஒன்று. கடையில் அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு ஒன்று இருக்கிறது. “மூச்ச இழுத்துப் பிடிச்சு நிக்காதீங்க. அப்புறம் தைச்ச சட்டைய வீட்டுல நின்னுகிட்டேதான் போட்டுக்கணும், உக்கார முடியாது.” அதில் கடைசிச் சொல்லுக்கு முன்னால் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு சின்ன மூச்சு விடுவார். அக்கா அதைத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. அப்படியே விட்டிருக்கிறார். ஏன் விட்டார் என்பது எனக்கு நாலைந்து மாதம் கேட்ட பிறகுதான் பிடிபட்டது.

நேற்று டெய்லரம்மா மகளோடு வந்தார். கருவியில் ஒரு பட்டன் ஒட்டிக்கொண்டதாம். அவருக்குக் கொடுத்திருக்கும் கருவியில் பொதுவான ஒரு பெண் குரல் இருக்கிறது. மழை வரும் வராது என்று செய்தியில் சொல்லுகிற மாதிரிக் குரல். கோபம், சிரிப்பு எல்லாம் ஒன்றுபோல வரும். பட்டனை நான் சரிசெய்துகொண்டிருந்தேன். மகளுக்கு இப்போது ஏழு வயது. மேஜைமேல் முகவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், “டிகிரி அக்கா, அம்மா முன்னாடி எப்படிப் பேசுவாங்கன்னு எனக்கு மறந்துட்டே வருது. நீங்க கேட்டிருக்கீங்கல்ல? பேசிக் காட்டுங்க” என்றாள்.

எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. “மூச்ச இழுத்துப் பிடிச்சு நிக்காதீங்க” என்று ஆரம்பித்து முழுதும் சொன்னேன். ஏற்ற இறக்கம், கடைசிச் சொல்லுக்கு முன்னால் வரும் அந்தச் சின்ன மூச்சு உட்பட. குழந்தை கைதட்டிக்கொண்டு குதித்தாள். “அதான்! அதேதான்! அம்மா, கேட்டீங்களா?”

டெய்லரம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்த கருவியை வாங்கி மெதுவாகத் தட்டினார். மழை வரும் வராது குரல் கேட்டது: “அதைச் சொன்னபோது நீ அறையில் இல்லை.”

நான் மேஜைமேல் கிடந்த திருப்புளியை எடுத்து டப்பாவில் போட்டேன்.

மறுபடி தட்டினார். “எங்கே கேட்டாய்?”

குழந்தைக்கு எதிரில் சொல்ல முடியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அது இல்லை. யாரும் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். பட்டன் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அளவெடுத்ததுபோல் இருந்தது.

ஆகவே, மனசாட்சி உறுத்தி வந்து ஒப்புக்கொண்டாள் என்று உங்கள் குறிப்பில் எழுத வேண்டாம். பிடிபட்ட மறுநாள் வந்தாள் என்று எழுதுங்கள். இத்தனை நாள் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நானே என்னிடம் சொல்லிவந்தேன். பயம் முதல் மூன்று வாரம்தான் இருந்தது, நிபுணர்களின் கடிதம் வரும்வரை. மீதிப் பத்து மாதம் எனக்கு அந்த நாற்காலி வசதியாக இருந்தது. அவ்வளவுதான்.

என் கோபம் பொய் இல்லை. மருத்துவர் என் வேலையைத் தன் வேலையாகக் காட்டினார், என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கோபத்தை அவரிடம் காட்டியிருக்க வேண்டும். அவர் அறைக்குள் போய் மேஜையைத் தட்டியிருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடப் படிப்பு அக்கா இருந்தார், என்னை நம்பினார், என்னால் அடிக்க முடிந்தது அவரைத்தான். படித்த படிப்பு முழுவதையும் நான் பயன்படுத்திய ஒரே வேலை அது. இதை எழுதும்போது கை கூசுகிறது. இருந்தும் எழுத்து கோணாமல்தான் வருகிறது, பார்த்தீர்களா? அதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது பென் டிரைவ் உங்கள் கணினியில் செருகியிருக்கிறது. நீங்கள் வந்தால் நம்புவதற்கு ஒரு வாக்கியம் போட்டுக் காட்டலாம் என்றுதான் செருகினேன். அப்புறம் யோசித்தேன். நீங்கள் கேட்டால் அது சான்று ஆகிவிடும். உறையில் போடுவீர்கள், அரக்கு வைப்பீர்கள். முதல் டிரைவ் இன்னும் ஏதோ ஓர் அலமாரியில் அரக்கோடு கிடக்கிறது. இதுவும் அதன் பக்கத்தில் போய்ப் படுக்கும். விசாரணை முடிய இன்னொரு வருடம். குழந்தைக்கு அதற்குள் மிச்சமும் மறந்துவிடும்.

அதனால் இதை நான் இங்கே வைக்கப்போவதில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் தையல் கடையில் கொடுப்பேன். எடுத்தவள் நான்தான் என்று நானே என் வாயால் சொல்வேன். அங்கிருந்து ஜெராக்ஸ் கடைக்குப் போவேன். போனில் படம் எடுத்திருக்கும் இந்தப் பக்கங்களை அக்காவே அச்செடுக்கட்டும். இந்தத் தடவை அவருக்காக நான் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அதற்கப்புறம் நீங்கள் போலீஸுக்குச் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, வீட்டில்தான் இருப்பேன்.

ஆணையை உங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. படியில் இறங்கிப் போகலாம்தான். லிஃப்டில்தான் போகப்போகிறேன். “கெடச்சுதா பாப்பா?” என்று அப்பா கேட்பார். மூன்று மாடி இறங்குவதற்குள் அவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் கணினியிலும் அந்தக் குறி காணாமல்தான் போயிருந்தது, மேடம். அம்பை அழுத்தி, தேடி எடுத்து, கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இது நிஜமானது. அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். நான் அழுத்தினேன், எடுக்கலாம் என்று செய்தி வரும்வரை காத்திருந்தேன், பிறகுதான் டிரைவை எடுத்தேன்.

அக்காவும் அப்படித்தான் எடுத்தார். எனக்கு நீங்கள் போட்டுக் கொடுத்த கையெழுத்து இந்த ஒரு வரிக்காகத்தான். நான் கிளம்புகிறேன்.